ஐந்தாவது சனிக்கிழமை: வாரச் சம்பள வீட்டுக்கு ஒரு கணக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமை. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுபவருக்கும் வாரக் கூலிதான். ஆனால் வாடகை மாதம் ஒருமுறை, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் ஜூனில், தீபாவளி ஐப்பசியில். மஞ்சள் போட்ட விவசாயிக்கு இது அப்படியே தலைகீழ்: காசு வருடத்தில் ஒருமுறை மொத்தமாக வரும், செலவு தினமும் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் கையில் காசு நிற்காததற்குப் பாதிக் காரணம் ஊதாரித்தனம் இல்லைங்க. காசு வருகிற நாளும் போகிற நாளும் ஒன்றுக்கொன்று ஒத்து வராததுதான். அந்த இடைவெளியில்தான் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தவணைக்காரர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

டீயைக் குறை, வடையைக் குறை என்று தொடங்கும் சேமிப்பு அறிவுரைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எட்டு மணி நேரம் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்காருபவர் இடையில் டீ குடிக்கத்தான் செய்வார். இரண்டு வாரம் விட்டாலும் மூன்றாவது வாரம் பழக்கம் திரும்ப வந்துவிடும். அந்தக் கவனத்தைத் தேதிகளின் மேல் வைத்தால் பலன் அதிகம்.

மாதச் செலவை நாலால் வகுக்க வேண்டும்

மாதம் பிறந்தால் தவறாமல் போகும் செலவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு வீடு: இரண்டு பேர் வேலைக்குப் போய் வாரம் 8,000 ரூபாய் கொண்டு வருகிறார்கள். வாடகை 6,000. கரண்ட் இரண்டு மாதத்துக்கு 1,200 என்றால் மாதத்துக்கு 600. கேஸ் சிலிண்டருக்கு மாதச் சராசரி 600. போன் ரீசார்ஜும் கேபிளும் சேர்த்து 600. வண்டித் தவணை 2,800. பள்ளி வேன் 1,400. மொத்தம் 12,000.

இதை நாலால் வகுத்தால் வாரம் 3,000. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் முதலில் ஒதுக்க வேண்டியது இந்த மூவாயிரம்தான். வருடத்துக்கு 52 வாரம், 12 மாதத்தால் வகுத்தால் நாலே கால் வாரத்துக்கு மேல் வருமே, அதனால் 2,770 ஒதுக்கினால் போதாதா என்று சிலர் துல்லியம் பார்ப்பார்கள். பார்க்க வேண்டாம். நாலால் வகுப்பதில்தான் லாபம் இருக்கிறது. 12 மாதத்துக்கும் நாலு நாலு சனி என்றால் 48 சனி. மீதி நாலு சனிக்கிழமைகளில் வரும் மூவாயிரத்துக்கு எந்த பில்லும் காத்திருக்காது. வருடத்துக்கு 12,000 ரூபாய் தானாகவே மிஞ்சும்.

2026ல் ஐந்து சனிக்கிழமை உள்ள மாதங்கள் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். இந்த வருடம் நன்றாகவே அமைந்திருக்கிறது. மே 30 பள்ளிக் கட்டணத்துக்கு முன்னால் வருகிறது. ஆகஸ்ட் 29 ஆவணி முகூர்த்தங்களுக்கு நடுவில். அக்டோபர் 31 தீபாவளிக்கு (நவம்பர் 8) முந்தின வாரம். 2027ல் ஜனவரி, மே, ஜூலை, அக்டோபர். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடுவதால் 30ஆம் தேதிச் சனி லீவுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை நம்பிக் கடன் சொல்லி வைக்காதீர்கள்.

இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனி மூடினால், வெளியூர்க்காரர்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து லைன் முழுதாக ஓட இன்னும் சில நாள் பிடிக்கும். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி) இருப்பவருக்கு அந்த வாரங்கள் வெறும் வாரங்கள். ஐந்தாவது சனியின் பணத்தைச் செல்போனுக்கும் துணிக்கும் விட்டுவிட்டால், தை முதல் வாரத்தில் வாடகைக்கு வெளியே கை நீட்ட வேண்டிவரும். அதனால் முதல் இரண்டு ஐந்தாம் சனிகள் இந்த வெறும் வாரங்களுக்கு. அதற்குப் பிறகு வருவதைத்தான் உண்மையான மிச்சம் என்று எண்ண வேண்டும்.

தேதி தெரிந்தும் திடுக்கிடும் செலவுகள்

அடுத்தது வருடச் செலவு. இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. வந்தபின் "எதிர்பாராத செலவு" என்று பேர் வைத்துவிடுகிறோம். மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, வருடா வருடம் வருகிறது. கோயில் வரி கேட்டு வருவார்கள், நோம்பிக்கு ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வரும், கறிச்சோறு போட்டாக வேண்டும். இதில் எதிர்பாராதது எது?

அதே வீட்டுக்குத் தோராயமாக: பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை 24,000. மொய்யும் சீரும் 18,000. தீபாவளி 15,000. நோம்பி, விருந்து 6,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் 5,000. வைத்தியம் 10,000. மொத்தம் 78,000. இதை 52ஆல் வகுத்தால் வாரம் 1,500. ஆக, சனிக்கிழமை ஒதுக்குவது மூவாயிரமும் ஆயிரத்தைநூறும் சேர்த்து 4,500. மீதி 3,500ல் 500 சேமிப்பு. 3,000 அந்த வாரத்து மளிகை, காய், கறி, பெட்ரோல், டீக்கு.

எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் இந்தக் கணக்கு இடிக்கும். இடித்தால் அது நல்ல விஷயம். ஜூன் மாதம் தெரிய வேண்டியது இப்போதே தெரிந்துவிட்டது. குறைப்பதை மளிகையில் தொடங்க வேண்டாம். முதலில் தவணைகள், அடுத்து வருடச் செலவில் பெரிதாக இருப்பது, கடைசியில்தான் சாப்பாடு.

மொய்க்கு ஒரு தனி நோட்டு கட்டாயம் வேண்டும். கல்யாணத்தில் வந்த மொய் வருமானம் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கி. பெயர், ஊர், தொகை, விசேஷம், தேதி, நாம் திருப்பிச் செய்த தொகை என்று ஆறு கட்டம் போட்டால் போதும். அந்த வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாண வயதில் இருந்தால் பக்கத்தில் ஒரு குறி போட்டுவிடுங்கள். அடுத்த இரண்டு வருடத்தில் எவ்வளவு வெளியே போகும் என்று அந்தக் குறிகளே சொல்லிவிடும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் ஆவணி, தை, வைகாசியில் பத்திரிகைகள் குவியும். ஆடியில் மிஞ்சுகிற காசைத் தள்ளுபடித் துணிக்கடையில் விடுவதற்கு முன்னால் ஆவணிப் பத்திரிகைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஒதுக்கிய பணம் எங்கே இருக்க வேண்டும்

பீரோவில் கவர் போட்டு வைப்பது வேலை செய்யும், ஆனால் போன் வழியாகக் காசு கொடுக்கும் காலத்தில் பாதிப் பணம் பீரோவுக்கே வருவதில்லை. இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் மாத பில்லும் வருடச் செலவும். அந்தக் கணக்கை ஜிபே, போன்பேயில் சேர்க்கவே கூடாது. கார்டும் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டாவது கணக்கு வாரச் செலவுக்கு. அதில் யூபிஐ லைட் போட்டுக்கொள்ளலாம்: 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமல் கொடுக்கலாம். சனிக்கிழமை மூவாயிரம் ஏற்றினால் அதுதான் அந்த வாரத்து மணிபர்ஸ். புதன்கிழமை எவ்வளவு மீதி என்று திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தீர்ந்தால் தானாக ஏறிக்கொள்ளும் ஆட்டோ டாப்-அப் வசதியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது ஓடினால் இந்த ஏற்பாடே வீண்.

முதல் கணக்கு எடுக்கும்போது குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பிடித்தமில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு; கேட்டால்தான் கொடுப்பார்கள். வண்டித் தவணை மாதம் 5ஆம் தேதி என்று இருந்து, சம்பளச் சனி 6ஆம் தேதி விழுந்தால், ஒரு நாள் வித்தியாசத்தில் தவணை திரும்பிப் போகும். வங்கி ஒரு அபராதம், பைனான்ஸ் ஒரு அபராதம். அதோடு சிபில் மதிப்பெண்ணும் இறங்கக்கூடும். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் ஒரு தவணைத் தொகை எப்போதும் அந்தக் கணக்கில் தூங்கட்டும்.

பத்து வாரத் தவணையின் உண்மையான வட்டி

"பத்தாயிரம் கொடுக்கிறேன், கையில எட்டாயிரத்து ஐநூறு, வாரம் ஆயிரம், பத்து வாரம்." கேட்கும்போது 1,500 ரூபாய் வட்டி, 15 விழுக்காடு என்று தோன்றும். அப்படி இல்லை. உங்கள் கையில் வந்தது 8,500. முதல் வாரமே ஆயிரம் திரும்பப் போகிறது. ஐந்தாவது வாரம் முடியும்போது பாதிப் பணம் உங்களிடம் இல்லை, ஆனால் வட்டி முழுத் தொகைக்கும் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. முறையாகக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலே. வருடக் கணக்கில் 160 விழுக்காடு. ஊர்க் கணக்கில் சொன்னால் பதிமூன்று ரூபாய் வட்டி. "மூணு ரூபா வட்டிக்கா? ஐயையோ" என்று பயப்படுபவர்களே இதை வாங்குகிறார்கள், வட்டி கண்ணுக்குத் தெரியாததால். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாங்குகிற அன்று யாரும் சட்டத்தை நினைப்பதில்லை.

வீட்டில் ஒரு பவுன் இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பது எவ்வளவோ மேல். அதே 8,500 ரூபாயை ஒரு ரூபாய் வட்டிக்குப் பத்து வாரம் வைத்திருந்தால் வட்டி இருநூறு ரூபாய் பக்கம்தான். நகைக் கடனிலும் பள்ளம் உண்டு. ரிசர்வ் வங்கியின் புது விதிப்படி 2026 ஏப்ரல் முதல், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம். தருகிறார்களே என்று அத்தனையும் வாங்கினால் மீட்க முடியாது. தேவை இருபதாயிரம் என்றால் இருபதாயிரம் மட்டும். சில இடங்களில் மாதா மாதம் வட்டி கட்டினால் ஒரு விகிதம், விட்டால் மேலே ஏறும் இன்னொரு விகிதம் என்று இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டாவது விகிதத்தைக் கேளுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்று போனும் டிவியும் விற்கிறார்களே, அதில் பரிசீலனைக் கட்டணமும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சீட்டு, பண்டு, நகைச்சீட்டு, தபால் ஆபீஸ்

ஏலச்சீட்டைக் கண்ணை மூடித் திட்டுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 20 பேர், மாதம் 5,000, 20 மாதம், ஒரு லட்சம் சீட்டு என்று வையுங்கள். மூன்றாவது மாதம் 25,000 தள்ளி எடுத்தால் கையில் 75,000. தள்ளுத் தொகையில் நடத்துபவரின் கழிவு போக மீதி எல்லோருக்கும் பிரியும். கழிவு 5,000 என்றால் தலைக்கு 1,000 குறைந்து, அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். சீக்கிரம் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். நீங்கள் இதில் யார் என்று சேரும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரியாமல், நடுவில் ஒரு விசேஷம் வந்தது என்று தள்ளி எடுப்பவர்தான் நட்டப்படுகிறார்.

1982ஆம் வருடச் சட்டப்படி சீட்டுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நடத்துபவரின் கழிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7 விழுக்காடு. சேரும்போது கேட்க வேண்டியவை மூன்று: முன்அனுமதி ஆணை எண், உங்கள் பெயர் உள்ள ஒப்பந்த நகல், ஒவ்வொரு மாதமும் ரசீது. "நம்ம ஆளுதானுங்க, ரசீது எதுக்கு" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தீபாவளி பண்டு இன்னும் எளிது: வாரம் 100, 200 கட்டினால் தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, பாத்திரம், சில இடங்களில் தங்கக் காசு. கொடுக்கும் பொருளின் கடை விலையைக் கூட்டிப் பாருங்கள். கட்டிய தொகைக்குச் சமமாக வந்தாலே அதிசயம். நடத்துபவர் ஐப்பசிக்கு முன்னால் கடையைப் பூட்டினால் கேட்க ஆள் கிடையாது.

நகைச்சீட்டு 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் இருக்கிறது. பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். சேர்வதற்கு முன்னால் கட்டும் ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கிறார்களா, இல்லை ரூபாயாகவே வைத்திருந்து கடைசி நாள் விலைக்குக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். விலை ஏறும் காலத்தில் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம். சேதாரம் இல்லை என்பது எத்தனை விழுக்காடு வரை, எந்த வகை நகைக்கு என்று எழுத்தில் பாருங்கள். எளிய மோதிரத்துக்குச் செல்லும், நாம் ஆசைப்படும் நெக்லஸுக்குச் செல்லாது என்று கடைசியில் தெரியவரும். எடுக்கும்போது ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் இருக்க வேண்டும். 3 விழுக்காடு ஜிஎஸ்டி தனி.

இதெல்லாம் இல்லாமல் சும்மா போட்டு மறக்க வேண்டும் என்றால் தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருடம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 விழுக்காடு ஆக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும், நீங்கள் தொடங்கும் அன்று உள்ள விகிதம் கடைசி வரை நிற்கும். அந்த விகிதத்தில் மாதம் 1,000 போட்டால் ஐந்து வருடத்தில் 60,000 கட்டி 71,366 வாங்கலாம். மகளிர் உரிமைத்தொகை வரும் வீட்டில் அந்த ஆயிரத்தை இங்கே திருப்பிவிடுவது நல்ல வழி. மாதம் 15க்குள் தொடங்கிய கணக்கு என்றால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும், 16க்குப் பிறகு தொடங்கியிருந்தால் மாதக் கடைசிக்குள். தவறினால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம். வாரச் சம்பளக்காரர் 16ஆம் தேதிக்கு மேல் தொடங்குவது வசதி, நாலு சனியும் கைக்கு வந்துவிடும். 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். தவணைக்காரரைத் தவிர்க்க அதுவும் ஒரு கதவு.

வாங்குகிற விதம்

அரிசி 26 கிலோ சிப்பமாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பேர் ஒட்டிக் கட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. 26 கிலோவுக்கு அது இல்லை. அதனால் சிப்ப விலையை ஒப்பிடும்போது எடையைப் பார்த்து வகுத்து, கிலோ விலையைத்தான் ஒப்பிட வேண்டும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. பிடிக்காது என்று விட்டுவிட்டுக் கடையில் அதைப் போல நாலைந்து மடங்குக்கு வாங்குவதை விட, ரேஷன் பருப்பைச் சாம்பாருக்கும் கடைப் பருப்பை அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

காய்க்கு உழவர் சந்தை. கோவை ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், ஈரோடு சம்பத் நகர் என்று பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கிறது. அன்றைய விலை வாசலில் பலகையில் இருக்கும். வெளியே வண்டியில் வாங்குபவர்களும் அந்தப் பலகை விலையைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசலாம். காலை ஆறு மணிக்குப் பொறுக்கி எடுக்கலாம், விற்று முடிக்கும் நேரத்தில் விலை இறங்கும். எது வேண்டும் என்பது உங்கள் வசதி.

வருடத்துக்கு வாங்கி வைக்கக்கூடியது என்று பார்த்தால் புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் நாலும்தான். புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது வாங்கி, கொட்டை நார் நீக்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கல்லுப்புப் போட்டுப் பானையிலோ ஜாடியிலோ அடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் புழு வைக்கும். கருத்துப் போவது கெட்டுப்போவது இல்லை. சின்ன வெங்காயம் விலை விழும்போது பத்து கிலோ வாங்கலாம், ஆனால் மழையில் நனைந்து பிடுங்கியது நிற்காது. தாள் காய்ந்து சரசரவென்று இருப்பதைப் பார்த்து வாங்கி, காற்றோட்டமான இடத்தில் பரப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையிலேயே விட்டால் ஒரே வாரத்தில் அழுகல். எண்ணெயை டின்னாக வாங்கும் முன் யோசியுங்கள்: செக்கு எண்ணெய் மூன்று மாதத்துக்குள் தீராவிட்டால் சிக்கு வாடை அடிக்கும். லாபம் எல்லாம் அதோடு போச்சு.

துணிக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் கடைவீதிக்குப் போவது தண்டம். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில் ஆவணியிலேயே வேட்டி, லுங்கி, உள்பாவாடை, துண்டு எடுத்துவிடலாம். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் கிலோ கணக்கிலும் பீஸ் கணக்கிலும் கிடைக்கும். அங்கே லேபிளில் உள்ள சைஸை நம்ப வேண்டாம், வெளிநாட்டு அளவு பெரிதாக இருக்கும். கையோடு ஒரு பழைய பனியனைக் கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, கழுத்து ரிப் தையல் மூன்றையும் பாருங்கள். பக்கத் தையல் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வந்தால் அது துவைத்த பின் இன்னும் முறுக்கும். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

500 யூனிட் வாசல்

கரண்ட் பில்லில் ஒரு படி இருக்கிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் இந்த இரண்டாவது நூறு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்கு மாறும். 250 ரூபாய் பக்கம் ஒரேயடியாகக் கூடும். அதற்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் எட்டரை ரூபாய். அதனால் 480, 520 என்று ஊசலாடும் வீடுகள்தான் கவனிக்க வேண்டும். ரீடிங் எடுத்த தேதியை எழுதிவைத்து, நாற்பதாவது நாள் மீட்டரை ஒருமுறை பாருங்கள். 340ஐத் தாண்டியிருந்தால் மீதி இருபது நாள் ஏசியைக் குறைத்தால் போதும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும்.

பழைய சீலிங் பேன் 75 வாட்; குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி பேன் 30 வாட் பக்கம். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு பேனுக்கே இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். எல்லாப் பேனையும் மாற்ற வேண்டாம், ராத்திரி முழுக்க ஓடும் படுக்கை அறைப் பேன் ஒன்றை மட்டும் மாற்றினாலே 520 இருந்தவர் வாசலுக்குள் வந்துவிடுவார். மாதம் நூறு யூனிட் கூடத் தொடாத வீட்டுக்கு இது வீண் செலவு.

மொத்தமாகக் காசு வரும் வீட்டுக்கு

மஞ்சளோ கரும்போ விற்ற பணம் வந்த வாரமே வண்டி, நகை, தளம் போடுவது என்று பேச்சு எழும். முதலில் அடுத்த போகத்துச் செலவை, விதை, உரம், ஆள் கூலி எல்லாம் சேர்த்து, எடுத்து வைக்க வேண்டும். அடுத்து பயிர்க்கடன். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வங்கியில் கிசான் கார்டு என்றால் மூன்று லட்சம் வரை 7 விழுக்காடு, தேதிக்குள் கட்டினால் 4. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். விலை ஏறட்டும் என்று மஞ்சளை வைத்திருப்பவர்கள் கெடு தேதியைத் தவறவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கி அந்தத் தேதியைத் தாண்டிவிடலாம்.

வீட்டுச் செலவுக்கான பங்கை, 2,40,000 என்று வையுங்கள், ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள். நடுவில் இருபதாயிரம் தேவைப்பட்டால் மொத்தத்தையும் உடைக்க வேண்டிவரும், வட்டி குறைப்பும் மொத்தத்துக்கும் விழும். முதல் மாதத்துக்கு இருபதாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது இருபதாயிரமாகப் பதினொரு டெபாசிட், ஒவ்வொரு மாதமும் ஒன்று முடிவது போல. வீட்டுக்கு மாதச் சம்பளம் வருவது போல ஆகிவிடும்.

வேலை நிற்கும் வாரங்கள்

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டது. இரண்டு தடவையும் தையல் மிஷினில் உட்கார்ந்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆகவே வாரம் எடுக்கும் அந்த 500 ரூபாயின் முதல் இலக்கு எட்டு வாரச் செலவு. உதாரண வீட்டுக்கு வாடகை, பில், சாப்பாடு மட்டும் கணக்கிட்டால் வாரம் 6,000, எட்டு வாரத்துக்கு 48,000. வெறும் 500ல் சேர்த்தால் 96 வாரம் ஆகும். ஐந்தாம் சனிகளின் மிச்சமும் தீபாவளி போனஸில் பாதியும் சேர்ந்தால்தான் அதற்கு முன்னால் முடியும். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 விழுக்காடு, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்.

பி.எஃப் பிடிக்காத கம்பெனியாகப் பார்த்துச் சேர்வது நம் பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம். கையில் நாலு காசு கூட வருகிறது என்று தோன்றும். ஆனால் நீங்கள் கட்டும் 12க்கு முதலாளியும் 12 கட்டுகிறார், அதில் ஒரு பகுதி பென்ஷனுக்கு. வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடும் அதோடு சேர்ந்தது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐக்கு உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, 12,000 சம்பளத்துக்கு 90 ரூபாய். உடம்புக்கு முடியாமல் லீவில் இருந்தால் சம்பளத்தில் 70 விழுக்காடு, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அரையாண்டில் 78 நாள் பதிவாகியிருக்க வேண்டும். கம்பெனி மாறும்போது புது இடத்தில் புது எண் போட்டுவிட்டால் இந்த நாட்கள் இரண்டாக உடைந்து, இரண்டிலும் 78 வராமல் போய்விடும். சேரும் முதல் நாளே பழைய இ.எஸ்.ஐ எண்ணையும் பி.எஃப்புக்கான யூஏஎன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று அன்றைக்கே சரிபாருங்கள்.